வரிசையில் அடுத்து நின்றவள்

நினைவு நாளன்று மேஜர் வீட்டில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. மேஜரே கடிகாரம். ஐந்தரைக்கு இஸ்திரிப் பெட்டி சூடாகும். ஆறு மணிக்கு ஷூ பாலிஷ் வாடை வீடு முழுக்கப் பரவும். ஆறரைக்கு மாடிப்படி அடியில் நின்று, "யார் இன்னும் ரெடியாகல?" என்று ஒரு குரல் வரும். வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவர் கேட்பது என்னவோ முந்நூறு பேரைக் கேட்பது போல இருக்கும்.

மாடியில் மகள் தயாராகத்தான் இருந்தாள். பதில் மட்டும் சொல்லவில்லை.

ஊரே அவளை 'சிப்பாய்' என்றுதான் கூப்பிடும். ஆறு வயதில் அப்பாவின் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து போனதற்கு மேஜர் கொடுத்த பட்டம். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, மலைப்போரில் இறந்த சித்தப்பா என்று கூடத்துச் சுவரில் நான்கு சீருடைப் படங்கள். ஐந்தாவது படத்துக்கு ஆணிகூட அடித்து வைத்திருந்தார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், அவள் ஆள்சேர்ப்பு வரிசையில் போய் நின்றாள். ஓட்டத்தில் தேறினாள். எழுத்துத் தேர்விலும் தேறினாள். மருத்துவப் பரிசோதனைத் தாளில் மட்டும், 'இடது காது, நரம்புக் குறைபாடு' என்று ஒரு வரி வந்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது. ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது.

அன்று முதல் அவள் போனை வலது காதில்தான் வைப்பாள். யாராவது பேசினால் வலது பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பாள். தியேட்டரில் இடது ஓரத்து சீட்டாகப் பார்த்துக் கேட்பாள். கிடைக்காத வேலையைத் தேடி அலையாமல் பார்சல் கிடங்கில் சேர்ந்து, பெட்டிகளை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

போன வியாழக்கிழமை அதெல்லாம் தலைகீழானது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் வேலைக்கு, கிடைக்காது என்று தெரிந்தே மனுப் போட்டிருந்தாள். காதுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். காது டாக்டரம்மா அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். வெளியே வந்ததும் காதுக்கொரு கோடு போட்ட தாளை நீட்டினார்.

"ரெண்டு காதும் அப்பழுக்கு இல்லாம இருக்கு. யாரும்மா உனக்குக் குறைன்னு சொன்னது?"

"பட்டாளத்து டாக்டர். நரம்புன்னு எழுதியிருந்தார்."

"நரம்பு போனா திரும்பி வராது. உனக்கு எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல."

நம்ப முடியாமல் மறுநாள் இன்னோர் இடத்தில் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதே கோடுகள்தான். இரண்டு தாள்களையும் மடித்துக் கைப்பையில் வைத்தாள். யாரோ அவசரத்தில் பெயர் மாற்றி எழுதியிருக்கலாம், தாள் மாறியிருக்கலாம் என்று தனக்குத்தானே நூறு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஆள்தான் இருந்தார். அன்று கையெழுத்துப் போட்டவர். நினைவு நாளுக்கு வருடா வருடம் வருகிறவர்.

"அவளைத்தாம்மா அனுப்பணும் ஸ்டேஷனுக்கு. டாக்டர் வர்றது எட்டேகால் வண்டி," என்று கீழே மேஜர் சொல்வது கேட்டது.

"நான் கிளம்பிட்டேன்பா," என்று கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

*

டாக்டர் மாமா ஒற்றைத் தோல்பையோடு இறங்கினார். மலைப்போரில் மேஜரின் தோளிலிருந்து குண்டுச் சில்லை எடுத்தவர். அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாக இருவரும் சொல்வார்கள். மேஜர் கத்தவே இல்லை என்பது மேஜர் கதை. மலையே அதிர்ந்தது என்பது டாக்டர் கதை.

"என்ன சிப்பாய், கார் ஓட்டறது இன்னும் உங்கப்பா மாதிரிதானா, இல்ல மனுஷங்க மாதிரியா?"

வேறு வருடமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க."

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். வலது காதுக்குச் சிவப்பில் ஒரு கோடு, இடது காதுக்கு நீலத்தில் ஒரு கோடு. ஒரு டாக்டருக்கு அதைப் படிக்க ஒரு நொடி போதும். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"எங்கே எடுத்த? இந்தச் சின்னக் கிளினிக் மிஷினையெல்லாம் நம்ப முடியாதும்மா."

"ரெண்டு இடத்துல எடுத்தேன். அடியில இன்னொண்ணு இருக்கு."

அடியில் இருந்ததை அவர் புரட்டவில்லை. "காதுன்னா சில சமயம் தானாவே..."

"நரம்பு தானா சரியாகுமா மாமா? நீங்களே சொல்லுங்க."

சரக்கு ரயில் ஒன்று வந்தது. அது போய் முடிகிற வரை பேசாமல் இருக்க அவருக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. ரயில் போனது. கேட் தூக்கினார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இரண்டு லாரியும் ஒரு பஸ்ஸும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"எடும்மா. பின்னால கத்தறாங்க."

"கத்தட்டும் மாமா. எனக்குத்தான் காது கேக்காதே."

டாக்டர் மாமா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பரிசோதனைக்கு முதல் நாள் உங்கப்பா போன் பண்ணினான். ரொம்ப நேரம் மூச்சு விடற சத்தம் மட்டும்தான் வந்துச்சு. அப்புறம், 'ஏதாவது ஒண்ணு எழுதிடு'ன்னான். 'கண்ணோ காதோ, அவளுக்கு வலிக்காத மாதிரி ஒண்ணா பாத்து எழுதிடு'ன்னான்."

"வலிக்காத மாதிரி."

"என் சர்வீஸ்ல நான் எழுதின ஒரே பொய் அதுதான். சத்தியமா. பெத்த மனம் பித்துன்னு சொல்லுவாங்களேம்மா..."

அவள் வண்டியைக் கிளப்பினாள். தண்டவாளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"எனக்கு அடுத்து ஊசி நின்னான். அவனுக்காக யாராவது போன் பண்ணினாங்களா மாமா?"

ஊசி, தையல்காரர் மகன். ஒல்லியாக, வெடவெடவென்று இருந்ததாலும், அப்பாவின் தொழிலாலும் வந்த பெயர். ஒரே வகுப்பு, ஒரே பஸ், அன்று ஒரே வரிசை. போன வருடம் எல்லைச் சாவடியில் கண்ணிவெடியில் போனான். இன்றைக்கு நினைவுக் கல்லில் ஏறப்போவது அவனுடைய பெயர்தான்.

"அவன் உடம்பு இரும்பு," என்றார் டாக்டர் மாமா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "அவனுக்கு எழுதறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"எனக்கும் ஒண்ணுமில்லையே மாமா."



*

பஸ் டிப்போவுக்கு எதிரே, மூன்று சாலை சேரும் முக்கில் நிற்கிறது நினைவுக் கல். பழைய பெரிய போரில் போனவர்கள் ஒரு பக்கம், மலைப்போரில் போன பதினான்கு பேர் இன்னொரு பக்கம். பதினான்கில் ஏழாவது பெயர் சித்தப்பாவுடையது. மூன்றாவது பக்கம் இத்தனை நாளாக வெறுமையாக இருந்தது. இன்று அதன்மேல் ஒரு நீலத்துணி.

ஓய்வு பெற்றவர்கள் பதக்கங்களோடு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அத்தனை பேர் கோட்டும் தையல்காரர் கைபட்டது. வருடத்துக்கு அரை இஞ்ச் பிரித்துவிடுவார். 'நாட்டைக் காப்பாத்தின வயிறு, இது வளர்றதுல தப்பே இல்ல' என்று அவர் அடிக்கும் ஜோக் ஊர்ப் பிரசித்தம். இன்று அவர் ஜோக் அடிக்கவில்லை. கழுத்தில் அளவு நாடாவை எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தார். அவர் மனைவிதான் அதைப் பார்த்துவிட்டு உருவி, சுருட்டி, தன் பைக்குள் வைத்தாள்.

"சிப்பாய், நீ இங்க வா. என் பக்கத்துல நில்லு," என்று கூப்பிட்டாள். "அவன் கூட நின்னவ நீ. இன்னைக்கும் நீதான் கூட நிக்கணும்."

"சரி அத்தை."

அத்தையின் கை ஜில்லென்று இருந்தது. அவளுடைய இளைய மகள், ஊரார் வாயில் 'சின்னவள்', அண்ணனின் பட்டாளத்துத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நின்றாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள் அத்தை, கல்லைப் பார்த்துக்கொண்டே. "அவனை அனுப்ப எனக்கு இஷ்டமே இல்ல. முடியவே முடியாதுன்னு ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தேன். உங்கப்பாதான் கடைக்கு வந்தாரு. தையல் மிஷினுக்கு முன்னால ஸ்டூலைப் போட்டு உக்காந்துகிட்டு, 'என் பொண்ணையே அனுப்பறேன், உங்களுக்கு என்னம்மா பயம்?'னு கேட்டாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. ஒத்தைப் பொண்ணு வெச்சிருக்கறவரே அனுப்பறாரு, நாம இப்படிப் பண்றோமேன்னு எந்திரிச்சுச் சாப்பிட்டேன்."

சிப்பாய் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "எப்ப அத்தை? எப்ப வந்து சொன்னார்?"

"நீங்க ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறதுக்கு முதல் நாள். ஏன்?"

"சும்மாத்தான்."

முதல் நாள். ஒரே நாள். கடை வாசலில் இறங்கி இந்த அம்மாளிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தப் போனைப் பண்ணியிருக்கிறார். இல்லை, போனைப் பண்ணிவிட்டு வந்து இங்கே சொன்னாரோ? எது முதலில் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. எதுவாக இருந்தால் கொஞ்சம் குறைவாக எரியும் என்றும் தெரியவில்லை.

மேஜர் மைக் முன் வந்தார். அறுபத்து நான்கு வயதிலும் முதுகு வளையவில்லை. காகிதம் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார்.

"இந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியில உக்காந்துகிட்டு ஊரான் பிள்ளையைப் போருக்கு அனுப்பினவன் இங்க எவனும் கிடையாது. மலைப்போர்ல என் தம்பி என் கண்ணு முன்னால போனான். நான் அழல. அழுதா அவன் கோவிச்சுக்குவான்."

கூட்டம் அசையாமல் கேட்டது.

"என் மகளும் அன்னைக்கு இந்தப் பையனுக்கு முன்னாடி வரிசையில நின்னவதான். காது இடம் கொடுக்கல. கொடுத்திருந்தா இன்னைக்கு இந்தக் கல்லுல அவ பேரும் இருந்திருக்கலாம். அதுக்கும் நான் தயாராத்தான் இருந்தேன்."

கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலைந்து பேர் திரும்பி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அத்தை அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அந்த நிமிஷத்தில் நாலே எட்டு வைத்தால் மைக். கைப்பையில் தாள் இருக்கிறது. கால் கிளம்பியும்விட்டது. ஆனால் அத்தை மேடையைப் பார்க்கவில்லை, நீலத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது ஊசியின் நாள். இதை யாருக்காகவும் கெடுக்கக் கூடாது என்று காலைப் பின்னால் வைத்துக்கொண்டாள் சிப்பாய்.

துணியை இழுத்தார்கள். கல்லில் அவனுடைய முழுப்பெயர், தேதியோடு. அத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"இப்படிப் படிச்சா யாரோ மாதிரி இருக்கு," என்றாள் தாழ்ந்த குரலில். "பக்கத்துல சின்னதா 'ஊசி'ன்னு போடக் கூடாதாம்மா?"



*

டாக்டர் மாமா சாப்பாட்டுக்கு வரவில்லை. தலைவலி என்று டிப்போவிலிருந்தே ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

"முப்பது வருஷத்துல இப்படிப் போனதில்லையே," என்றார் மேஜர், சாப்பாட்டு மேஜை முன்னால் நின்று பதக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைத்தபடி. "அவனுக்குத் தலைவலின்னு நான் கேட்டதே இல்ல."

"அவர் ஏன் போனார்னு எனக்குத் தெரியும்பா."

சிப்பாய் தாளை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மேஜர் குனிந்து பார்த்தார். பெயரைப் படித்தார், கோடுகளைப் பார்த்தார். அடியில் தட்டச்சு செய்திருந்த ஒற்றை வரியைப் படித்தார்.

"யார் சொன்னது?" என்று கேட்டார்.

'என்ன இது?' என்று கேட்டிருக்கலாம். 'அப்படியா, நல்ல சேதியாச்சே!' என்று குதித்திருக்கலாம். அந்த இரண்டு வார்த்தையில் அவள் நாலு நாளாகக் கட்டி வைத்திருந்த நூறு சமாதானமும் ஒரேயடியாகச் சரிந்தது. காரில் டாக்டர் மாமா சொன்னபோதுகூட மனசின் ஒரு மூலை, 'அப்பா வாயால் கேட்கிற வரை இல்லை' என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னடி அது?" என்று அம்மா கரண்டியோடு வந்தாள்.

"என் காது ரிப்போர்ட்மா. ரெண்டும் நல்லா இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சாம். அப்பாதான் டாக்டர் மாமாகிட்ட சொல்லிக் குறைன்னு எழுத வெச்சிருக்கார்."

அம்மா கணவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது." அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பொய் சொல்லக் கூடாது. தெரிஞ்சிருந்தா நானும் சும்மாத்தான் இருந்திருப்பேன்."

அதுவும் ஒரு அடிதான். ஆனால் அது நேராக வந்த அடி.

மேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பட்டாளத்துல உன் சித்தப்பாவை வேற கம்பெனியிலேருந்து என் கம்பெனிக்கு மாத்திக் கேட்டவன் நான்தான். அண்ணன் தம்பி ஒண்ணா இருந்தா பாதுகாப்புன்னு நெனச்சேன். மூணாவது வாரம் போயிட்டான். அவன் பையைக் கொண்டுவந்து எங்கம்மா கையில கொடுத்தேன். எங்கம்மா அதைத் திறந்து, துவைக்காத சட்டையை எடுத்து முகத்துல வெச்சுகிட்டாங்க. நீ வரிசையில நிக்கப் போறேன்னு சொன்ன அன்னைக்கு எனக்கு அந்தச் சட்டைதான் தெரிஞ்சுது. என்னால முடியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ஒரு வருஷம் பேசாம இருந்திருப்பேன். ஆனா என் உடம்பை நானே நம்பாம அஞ்சு வருஷம் இருந்திருக்க மாட்டேன். யார் பின்னால கூப்பிட்டாலும் நமக்குக் கேக்காம போயிருக்குமோன்னு பயந்து பயந்து ரோட்டைக் கடந்திருக்க மாட்டேன்."

"நீ உயிரோட இருக்க." மேஜரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "எனக்கு அது போதும். இதோ என் எதிர்ல நின்னு என்னைத் திட்டற. திட்டு. போதும் எனக்கு."

"ஊசி?"

அவர் பார்வை பதக்கப் பெட்டிக்குப் போனது.

"என்னைக் காப்பாத்தினதை நான் ஒரு நாள் மன்னிச்சாலும் மன்னிப்பேம்பா. அதே நாள் தையல்கடையில போய் உக்காந்து, 'என் பொண்ணையே அனுப்பறேன்'னு அத்தைகிட்ட சொல்லியிருக்கீங்களே. ரெண்டு நாளா சாப்பிடாம கெடந்த மனுஷிகிட்ட. அதை என்ன பண்றது?"

அம்மா நிமிர்ந்தாள். "நீங்களா? அவ கடைக்குப் போயா சொன்னீங்க?"

"அந்தப் பையனுக்கு ஆசை இருந்தது," என்றார் மேஜர். "அவனே வந்து என்கிட்ட கேட்டான். அவன் சந்தோஷமாத்தான் போனான்."

"எனக்கும் ஆசை இருந்துச்சே!" சிப்பாயின் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. நீங்க ஊரான் பிள்ளையை அனுப்பிட்டுத் தன் பிள்ளையை வளர்த்திருக்கீங்க. இன்னைக்குக் காலைலகூட என் காதை வெச்சுக் கைதட்டு வாங்கினீங்க."

மேஜர் பதக்கப் பெட்டியை மூடினார். எழுந்து நின்றபோது மறுபடி மேஜராகிவிட்டார்.

"இது இந்த வீட்டை விட்டு வெளியில போகக் கூடாது."

"இது உத்தரவா, கெஞ்சறீங்களா?"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார்.  சோற்றுப் பாத்திரத்தை யாரும் தொடவில்லை. அம்மா மூன்று தட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சாப்பிட்டு முடித்த தட்டுகளைப் போலவே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

*

நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

அம்மா கதவைத் திறந்தாள். தையல்காரர், அவர் மனைவி, சின்னவள். மூன்று பேரும் காலையில் உடுத்திய அதே உடையில் நின்றார்கள்.

"தொந்தரவு பண்ணிட்டோமா? சார் தூங்கறாரா?" என்றார் தையல்காரர்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க," என்று மேஜர் கூடத்துக்கு வந்தார். குரலில் ஒரு சுருக்கமும் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த சிப்பாய் அதைக் கேட்டாள். ஒரு மனுஷரால் எப்படி இவ்வளவு சீக்கிரம் குரலை மாற்றிக்கொள்ள முடிகிறது என்று முன்பெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

தையல்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"சின்னவளுக்கு சார். போன மாசமே வாங்கி வெச்சுகிட்டு அடம் பிடிக்கறா. இவதான் ஒத்துக்கவே இல்ல. தொப்பியை எடுத்து ஒளிச்சு வெச்சா, சாப்பாடு போட மாட்டேன்னா. இன்னைக்கு உங்க பேச்சைக் கேட்டு இவளே மாறிட்டா."

அத்தை லேசாகத் தலையாட்டினாள். அழுது வீங்கிய முகம். ஆனாலும் அதில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"நீங்க சொன்னீங்களே சார், உங்க பொண்ணு பேரு கல்லுல இருந்திருந்தாலும் தயார்னு. வீட்டுக்குப் போயி அதையே நெனச்சுகிட்டு உக்காந்திருந்தேன். உங்க பொண்ணுக்குத்தான் குடுப்பினை இல்லாம போச்சு. என் பொண்ணுக்கு இருக்கறதை நான் ஏன் தடுக்கணும்?"

"நாளைக்குத்தான் கடைசி நாள் மாமா," என்றாள் சின்னவள். பத்தொன்பது வயசு. அண்ணனைப் போலவே வெடவெடவென்று இருந்தாள். "கடைசிப் பக்கத்துல ஓய்வு பெற்ற அதிகாரி ஒருத்தர் பரிந்துரை செய்யணுமாம். அண்ணனுக்கும் நீங்கதான் போட்டீங்க."

மேஜர் படிவத்தை வாங்கினார். கூடத்து மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

சிப்பாய் படியில் எழுந்து நின்றாள்.

அவர் ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, சந்தேகமில்லை. அப்பாவின் கண்ணில் அதை அவள் இதுவரை பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தோளில் குண்டுச் சில்லோடு மலை ஏறியவருக்கு அந்த 'ஏன்' முன்னால் நிற்கத் தைரியம் வருமா என்று அவள் காத்திருந்தாள். இப்போது மட்டும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மேஜர் பேனா மூடியைக் கழற்றினார்.

கையெழுத்துப் போட்டார்.  கீழே பெயர், பதவி, தேதி. வழக்கம்போலப் பதவிக்கு அடியில் ஒரு கோடு.

"நல்லா வருவ," என்றார் சின்னவளைப் பார்த்து.

சின்னவள் படிவத்துக்குக் கை நீட்டினாள். அதற்குள் சிப்பாய் மேஜைக்கு வந்துவிட்டாள். படிவத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அத்தை, ஒரு நிமிஷம் உக்காருங்க. மாமா, நீங்களும்."

"சிப்பாய்!" என்றார் மேஜர். பட்டாளத்துக் குரல் அது. அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஐந்து வருடம் ஆகிறது.

அவள் திரும்பவில்லை.

அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வந்து, சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தூக்கித் தையல்காரர் மனைவிக்குப் பின்னால் போட்டாள்.

அத்தை உட்கார்ந்தாள். மேஜரையும், மேஜர் மனைவியையும், படிவத்தின்மேல் இருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு? ஃபார்ம்ல ஏதாவது தப்பா எழுதிட்டோமா?"

"ஃபார்ம்ல தப்பு இல்ல அத்தை," என்றாள் சிப்பாய்.